சுயம்புராஜ் வருகிறாரா என்று பார்க்கிற பெட்டி

பகவதியப்பன் பலசரக்குக் கடை சுயம்புராஜுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அந்தப் பாக்கிக்காக ஒளிந்துகொள்ள வசதியாக ஒரு கேமரா வாங்கலாம் என்று அவர் கிளம்பிய அன்று கையில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது.

"அதைக் கொண்டு அவருக்கிட்ட குடுத்தா மிச்சம் ஐயாயிரத்துக்கு உள்ளதானே" என்றாள் முத்துக்கனி. அவருடைய மனைவி. கணக்கில் கெட்டிக்காரி. அதனாலேயே வீட்டில் அவளோடு யாரும் கணக்குப் பேசுவதில்லை.

"மிச்சத்துக்கு வருவாருல்லா."

"வரட்டும். வந்தா என்ன?"

"வந்தா மொகத்தைப் பாக்கணும் பிள்ளே. எனக்கு அது முடியாது."

விஷயம் அதுதான். பகவதியப்பனுக்குப் பணம் கொடுக்கக் கசப்பில்லை. அருமனைப் பக்கத்தில் பிறத்தியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் அவர். வீட்டைச் சுற்றிச் சொந்தமாகவும் கொஞ்சம் மரம் உண்டு. மழை பெய்தால் பட்டை நனையும், நனைந்த பட்டையில் கத்தி வைக்க முடியாது. போன வருஷம் மழை பிடித்த பிடியில் மாசக்கணக்காகக் கத்தி துருப்பிடித்துக் கிடந்தது. வயிறு மட்டும் மழைக்கு லீவு விடவில்லை. அரிசி, எண்ணெய், மிளகு, சோப்பு எல்லாம் சுயம்புராஜ் கடையிலிருந்துதான் வந்தன. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "இருக்கும்போது தாரும்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் மனைவி ரெத்தினபாய் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் செலவு. அப்போதுதான் சுயம்புராஜ் முதன்முதலாக வீட்டுக்கு வந்து, "கொறச்சு இருந்தா நல்லது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

பகவதியப்பன் பக்கத்தில் நின்ற மகள் இந்துஜாவின் தலையில் கையை வைத்து, "எனக்க மகளாணை, இந்த ஆழ்ச்சைக்குள்ள தாறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் போயிற்று. ரப்பர் விலையும் கூடவே இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு சுயம்புராஜின் ஸ்கூட்டரைக் கண்டால் பகவதியப்பனின் கால்கள் அவரைக் கேட்காமலே நடக்கத் தொடங்கின.

ஒளிவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வீடு பள்ளத்தில். சுயம்புராஜ் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வளைவிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு வருவார். நாய் குரைக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு தடவையும் கடையிலிருந்து அதற்கு பிஸ்கட் கொண்டுவந்து, சொந்த வீட்டு நாயையே அவர் தன் பக்கம் சேர்த்துவிட்டார்.

ஆகவே கேமரா.

அருமனைச் சந்திப்பில் ஸ்டெனி கடை வைத்திருந்தான். மஸ்கட்டில் கேமரா மாட்டிப் பழகி வந்தவன். எதைக் கேட்டாலும் "மஸ்கட்ல..." என்றுதான் ஆரம்பிப்பான்.

"எதுக்குண்ணே கேமரா?"

"ஷீட்டு களவு போவுது."

"இப்பம் உள்ள வெலைக்கு ரப்பர் ஷீட்டு எடுக்க எந்தக் கள்ளன் வாறான்? மஸ்கட்ல கள்ளனுவளுக்கு ஒரு மரியாதை உண்டு." அவன் இரண்டு கேமராவை மேஜையில் வைத்தான். "இது ரெண்டு மெகாபிக்சல். இது அஞ்சு. எது வேணும்?"

"என்ன வித்தியாசம்?"

"ரெண்டுல ஆளு வாறது தெரியும். அஞ்சுல ஆளுக்க மூஞ்சி தெரியும்."

"மூஞ்சி தெரியாண்டாம்" என்றார் பகவதியப்பன் அவசரமாக. "வாறது தெரிஞ்சாப் போதும்."

புது ரெக்கார்டர், ஹார்ட் டிஸ்க், வயர், கேமரா எல்லாம் சேர்த்து ஸ்டெனி சொன்ன விலையைக் கேட்டதும் அவர் திண்டில் வைத்த குடையை எடுத்துக்கொண்டார். ஸ்டெனி கையைப் பிடித்து நிறுத்தி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தான்.

"ரெக்கார்டர். பழசு. ஆனா நல்ல எடத்துல இருந்த சாதனம். உடமஸ்தன் எட்டு கேமரா வேணும்னு பெரிய பெட்டியா மாத்திட்டாரு. இதுல நாலு போடலாம். ஒமக்கு ஒரு கேமராவும் சேத்து மூவாயிரத்தைந்நூறு."

"யாருக்க சாதனம்?"

"அது பறையப்படாதுண்ணே. தொழில் மரியாதை."

வீட்டில் பெட்டியை அவிழ்த்ததும் முத்துக்கனி குனிந்து மோந்து பார்த்தாள். "இதுல பெருங்காயம் மணக்கு."

"எலெக்ட்ரானிக் சாதனம் சூடானா அப்பிடித்தான் மணக்கும்" என்றான் ஸ்டெனி.

"இது இன்னும் சூடாவலியே."

"மஸ்கட்ல எல்லாம் ஆறியிருக்கும்போளும் மணக்கும்."

கேமராவை முற்றத்து அயினி மரத்தில் ஆணி அடித்து மாட்டினான். டிவியில் படம் வந்தது. ரப்பர் மரங்களின் உச்சிகளும் ஒரு காக்கையும் தெரிந்தன. கீழே இறக்கினான். மண் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியதும் வீட்டுக்கு இறங்கும் இடவழியும் வளைவும் தெளிவாகத் தெரிந்தன. பகவதியப்பனுக்கு நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்தது போல இருந்தது.

டிவி வீட்டில் ஒன்றுதான். சாயங்காலம் ஆனதும் முத்துக்கனி ரிமோட்டை எடுத்துவிட்டாள்.

"ஒங்களுக்கு சுயம்புராஜ் வாறாரான்னு பாக்கணும். எனக்கு சீரியல்ல அந்தப் பெண்ணு அவளுக்க மாமியார் வீட்டுல இருந்து வெளிய வாறாளான்னு பாக்கணும். யாருக்குத் தேவை கூடுதல்?"

கடைசியில் பகலில் அவருக்கு, சாயங்காலம் அவளுக்கு என்று முடிவாயிற்று. விடியுமுன் பால் வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு வந்தால் பத்து மணிக்கு மேல் அவருக்கு வேலையில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து இடவழியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓர் ஆடு போகும். வெகுநேரம் கழித்து அதே ஆடு திரும்பி வரும். கண்ணை இமைக்காமல் பார்ப்பார்.

அப்படி உச்சைக்கு அவர் முன்பக்க இடவழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"முத்துக்கனியே. ஆளு உண்டா?"

சுயம்புராஜ் தோட்டத்து ஒற்றையடிப் பாதை வழியாக நடந்து வந்திருந்தார்.

பகவதியப்பன் பக்கவாட்டு வாசலில் பாய்ந்து, கொடியில் காய்கிற ரப்பர் ஷீட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மஞ்சளும் வெள்ளையுமாகத் தொங்கும் ஷீட் ஆளை நன்றாக மறைக்கும். ஆனால் முட்டு வரைக்கும்தான். அதற்குக் கீழே இரண்டு கால்களும் ஷீட்டோடு சேர்த்துக் காயப் போட்டது போலத் தனியாக நின்றன.

"அவரு பால்வெட்டுக்குப் போயிருக்காரு" என்றாள் முத்துக்கனி.

உச்சி வெயிலில் பால் வெட்டுகிறவன் அருமனையில் ஒருவனும் கிடையாது. சுயம்புராஜுக்கு அது தெரியும். அவர் ஷீட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஷீட்டு நல்லா ஒணங்குதா?"

"ஒணங்குது அண்ணாச்சி."

நாய் ஓடி வந்து பகவதியப்பனின் கால் அருகில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. சுயம்புராஜ் அருகில் வந்து குனிந்து பிஸ்கட் கொடுத்தார். அவருடைய கை பகவதியப்பனின் பெருவிரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஷீட்டுக்குப் பின்னால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, பூமி பிளந்தால் பிஸ்கட்டோடு சேர்ந்து உள்ளே போய்விடலாம் என்று நின்றார்.

"செரி. வந்தா நான் வந்தேன்னு சொல்லு" என்று சுயம்புராஜ் கிளம்பினார்.

"லெச்சை இல்லியா ஒங்களுக்கு?" என்று முத்துக்கனி கேட்டாள்.

"இருக்கதுனாலத்தானே ஒளியேன்."

மறுநாள் ஷீட் விற்ற காசில் பின்பக்கத்துக்கு இரண்டாவது கேமரா வந்தது. அதில் கொடியும், தோட்டத்துப் பாதையும், ஷீட்டுக்குப் புகை போடுகிற சின்னப் புகைப்புரையும் தெரிந்தன. கூடவே ஸ்டெனி ஒரு யோசனையும் கொடுத்தான். நாள் முழுக்க டிவியைப் பார்க்க வேண்டாம். ஏதாவது அசைந்தால் பெட்டி தானாகவே பீப் பீப் என்று கத்தும்.

"மஸ்கட்ல இது ஒரு வருசத்துல ரெண்டு தடவைதான் கத்தும். அவ்வளவு துல்லியம்."

மஸ்கட்டில் ரப்பர் மரம் கிடையாது. இங்கே அது தை மாதம், ரப்பர் மரம் இலையை மொத்தமாகக் கொட்டுகிற காலம். காலையில் முதல் காற்று அடித்ததும் பெட்டி கத்தத் தொடங்கியது. ஓர் இலை விழும், பீப். பத்து இலை விழும், பீப் பீப் பீப். முதல் நாள் பகவதியப்பன் ஒவ்வோர் இலைக்கும் ஒளிந்தார். இரண்டாம் நாள் கூட்டமாக விழுந்த இலைகளுக்கு மட்டும் ஒளிந்தார். மூன்றாம் நாள் ஒளிந்த இடத்திலேயே இருந்துவிட்டார். முத்துக்கனி அவருக்குச் சாயாவைப் புகைப்புரைக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"இப்பிடியே போனா ரேஷன் கார்டுல வீட்டு விலாசத்தை மாத்தணும்" என்றாள்.

நாலாம் நாள் மேலத் தோட்டத்துக்காரர் வந்து, "ஆருக்காவது சொகமில்லியா? ஆஸ்பத்திரி மெஷின் சத்தம் கேக்கே" என்று விசாரித்தார்.

மறுபடியும் ஸ்டெனி வந்தான். கத்துவதை நிறுத்திவிட்டு, எங்கே இருந்தாலும் போனிலேயே படம் பார்க்கிற மாதிரி செய்து தருகிறேன் என்றான். அதற்கு சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதற்கு ஆயிரத்து எண்ணூறு. இந்துஜாவின் பழைய போன், கண்ணாடி விரிசல் விட்டது, அப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டெனி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயரைச் சொருகினான், பிடுங்கினான், ரெக்கார்டரை அணைத்துப் போட்டான். தேதி வேறு ஏதோ வருஷத்தைக் காட்டியது. அதைச் சரி செய்தான். "இதுல பழைய ஐடி கெடக்கு. எல்லாத்தையும் அழிச்சு, பாஸ்வேர்டு மாத்தி, புதுசாப் போடணும்ணா முந்நூறு தனி. அப்பிடியே ஓடணும்ணாலும் ஓடும்."

"கெடக்கதைக் கெடக்க விடு. எனக்குப் படம் தெரிஞ்சாப் போதும்."

படம் தெரிந்தது. போனை மேலும் கீழும் தள்ளினால் முன்பக்கம், பின்பக்கம். மரத்தடியில் நின்று பார்க்கலாம், பஸ்ஸில் இருந்து பார்க்கலாம். பகவதியப்பன் முதல் நாள் மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை தன் வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.

"இதுவரைக்கும் கேமராவுக்கு எவ்வளவு ஆச்சு தெரியுமா?" என்று முத்துக்கனி ஆரம்பித்தாள்.

"தெரியாண்டாம்."

அதுவரை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்துகொண்டிருந்த சுயம்புராஜ், அதன் பிறகுதான் அடிக்கடி வரத் தொடங்கினார். வாரத்துக்கு இரண்டு தடவை. சில வாரம் மூன்று. சாப்பிட உட்கார்ந்து முதல் உருண்டையை உருட்டும்போது வருவார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது வருவார். ஆனால் ஒரு நல்ல காலம், இப்போதெல்லாம் இன்ஜினை அணைப்பதில்லை. வளைவிலேயே நீளமாக ஹாரன் அடிப்பார். போனிலும் தெரியும், காதிலும் கேட்கும். ஒளிய வேண்டிய நேரம் கிடைத்தது.

பகவதியப்பன் ஒளிந்தார். புகைப்புரையில் ஒளிந்தார். அயினி மரத்தில் ஏறினார். வாழைக்கு வெட்டிய குழியில் இறங்கிக் குத்தவைத்தார். ஒரு தடவை எண்ணெய் தேய்த்த உடம்போடு, இடுப்பில் துவர்த்துத் துண்டு மட்டுமாக, பின்பக்கம் நீளத்துக்கு ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்து, மேலத் தோட்டத்து ஆட்டுக்கூட்டில் நுழைந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஓட முடிகிறதே என்று அவருக்கே ஆச்சரியம். கேமராவுக்குப் போட்ட காசு வீணாகவில்லை என்று நினைத்தார்.

"பைசா பேச்சே எடுக்கல" என்றாள் முத்துக்கனி ஒவ்வொரு தடவையும். "ஒரு கிளாஸ் வெள்ளம் குடிச்சாரு. செத்த நேரம் அங்ஙனயும் இங்ஙனயும் பாத்தாரு. சிரிச்சுக்கிட்டே போறாரு."

கேட்காமல் போகிறார் என்பதுதான் பகவதியப்பனை அரித்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு கோபமாவது வந்திருக்கும். ஒடிந்த காலோடு மனைவியை வீட்டில் கிடத்திவிட்டு, இவ்வளவு தூரம் வந்து, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிற மனிதரை என்ன செய்ய? தோட்டத்தில் மரத்து மரத்துக்குக் கத்தி வைக்கும்போது அந்த நினைப்பு வந்தால் கை ஆழமாக இறங்கிப் பட்டை காயப்பட்டது. முதலாளியிடம் அதற்கு வேறு திட்டு வாங்கினார்.

சுயம்புராஜ் என்னதான் பேசுகிறார் என்று காதால் கேட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது. ஸ்டெனியிடம் மைக் கிடைத்தது. அதைப் பின்பக்கத்துக் கேமராவோடு சேர்த்து மாட்டினான்.

அடுத்த தடவை வாழைக்குழியில் குத்தவைத்துப் போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இந்துஜாவுக்கு எடம் ஏதும் வந்துதா?" சுயம்புராஜின் குரல்.

"சுசீந்திரத்துல இருந்து ஒரு எடம் வந்திருக்கு. வாற ஞாயிறு பேசி உறப்பிக்க வாறாவ. அண்ணிக்கு இப்பம் கால் எப்பிடி இருக்கு?"

"நல்ல மாற்றம் உண்டு. மொதல்ல ஆளு மொகம் குடுக்காமக் கெடந்தா. இப்பம் சிரியும் களியுமா இருக்கா. கம்பை ஊணி எழும்பி நிக்கா."

அன்று சாயங்காலம் முத்துக்கனி குளிக்கப் போன நேரத்தில், பகவதியப்பன் பின்பக்கம் வந்தார். கொடியில் தனியாகத் தொங்கிய ஒரு ஷீட்டின் மேல் தன் துவர்த்தைப் போட்டார். சுயம்புராஜ் எப்போதும் தோளில் துவர்த்து போட்டிருப்பார். இரண்டடி தள்ளி நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, ஷீட்டிடம் பேசினார்.

"அண்ணாச்சி, நான் ஏமாத்துக்காரன் இல்ல கேட்டியளா. மழையில வேலை இல்லாம இருந்தப்பம் நீங்க தந்த அரிசியிலதான் எங்க வீட்டுல தீ எரிஞ்சுது. மகளுக்க தலையில கை வச்சு வாக்கு சொன்னேன். அந்தத் தலையை இப்பம் எனக்குப் பாக்க முடியல. அவ சோறு வெளம்பும்போ நான் எலையைப் பாத்துத்தான் திங்கேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்திராதிய. அது முடிஞ்சா நானே கடைக்கு வந்து நிக்கேன். ஒங்க மொகத்தைப் பாத்து நிக்கேன்."

ஷீட் காற்றில் கொஞ்சம் ஆடியது. சரி என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது. அவர் துவர்த்தை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரத்திலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளை வினோஜ் சாதுவான பையன். அவனுடைய அப்பா தாணுமாலயன் அப்படியில்லை. வயலும் வரப்புமாக வாழ்ந்தவர், கழுத்து வளையாத ஆள். நாணயத்துக்குக் குறைவு வந்த வீட்டில் கை நனைக்கமாட்டார், ஏற்கெனவே ஓர் இடத்தில் இலை போட்ட பிறகு எழுந்து வந்திருக்கிறார் என்று தரகர் முன்னமே சொல்லி வைத்திருந்தார்.

அந்தத் தாணுமாலயன் எதிரில் உட்கார்ந்திருக்க, பகவதியப்பன் வெள்ளை வேட்டியில் மடியில் போனை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் சம்பந்தியையும் ஒரு கண்ணால் இடவழியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது முக்கியமான போன் வரணுமோ?" என்று தாணுமாலயன் கேட்டார்.

"இல்ல. வரப்படாது."

தாணுமாலயன் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு சாயா குடித்தார். வேனில் தூரம் வந்தவர். கழிப்பறையோடு சேர்ந்த குளிமுறியில் பெண்கள் புடவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "தோட்டம் எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வாறேன்" என்று எழுந்து பின்பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் போனில் பின்பக்கத்துக் கேமராவில் அவர் தெரிந்தார். தோட்டம் பார்க்க வந்தவர் ஒரே ஒரு ரப்பர் மரத்தை மட்டும் வெகுநேரம், முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகவதியப்பன் பதறிப்போய் போனைக் கவிழ்த்து வைத்தார். சம்பந்தியை அப்படிப் பார்ப்பது எவ்வளவு பெரிய பாவம். அவர் திரும்பி வந்து உட்காரும்வரை போனைத் தொடவே இல்லை.

மறுபடி நிமிர்த்தியபோது முன்பக்கத்துக் கேமராவில் சுயம்புராஜின் ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் கம்போடு ரெத்தினபாய் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கணவனும் மனைவியுமா வந்தாச்சு" என்று பகவதியப்பன் எழுந்தார்.

"யாரு?" என்றார் தாணுமாலயன்.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, பழகிய கால்கள் போன வழியில் போனார்.

புகைப்புரைக்குள் முந்தின நாள் போட்ட ஷீட் தொங்கியது. கீழே தேங்காய்ச் சிரட்டைக் கனல் இன்னும் இருந்தது. கதவை இழுத்துச் சாத்தியதும் புகை அவரைக் கண்டுபிடித்தது. கண்ணில் நீர் கொட்டியது. துவர்த்தால் வாயை அடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார், காதில் வைத்தார், மறுபடி பார்த்தார். எல்லோரும் பின்பக்கம் வந்து நின்றார்கள். சுயம்புராஜ் தாணுமாலயனிடம் கை கொடுத்தார்.

"பொண்ணுக்க அப்பா எங்க போனாரு?" தாணுமாலயனின் குரல்.

"பால்வெட்டு..." என்று முத்துக்கனி பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

ரெத்தினபாய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கம்பை ஊன்றி, கிணற்றைச் சுற்றி, வாழைக்குழியைத் தாண்டி, நேராகப் புகைப்புரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். போனில் படம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். படத்தில் அவள் வாழைக்குழிப் பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே கதவில் தட்டு விழுந்தது.

"பகவதியண்ணே, வெளிய வாரும். புகையில நிண்ணா நெஞ்சு நோவும்."

அவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி ஷீட் நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணிரண்டும் சிவந்து ஒழுகின. எதிரே சம்பந்தி, மாப்பிள்ளை, வேனில் வந்த பெண்கள், கதவோரம் புதுப்புடவையில் இந்துஜா. நாய் சுயம்புராஜின் கால்சட்டைப் பையை மோந்தது.

இனி ஒளிய இடமில்லை என்று தெரிந்ததும் பகவதியப்பனுக்கு ஒரு மாதிரி லேசாக இருந்தது.

"சம்பந்தி, நான் இவருக்கு எட்டாயிரத்து நானூத்தி அறுவது ரூவா குடுக்கணும். எனக்க மகளுக்க தலையில கை வச்சு வாக்கு சொன்னேன். குடுக்கல. குடுக்க முடியாம ஒளிஞ்சேன். இப்பமும் ஒளிஞ்சேன். இதுதான் எனக்க நாணயம். இனி ஒங்க இஷ்டம்."

இந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். தாணுமாலயன் தொண்டையைக் கனைத்தார். எழுந்து போகிறவர் கனைக்கிற கனைப்பு.

"இதை ஷீட்டுக்கிட்ட சொன்ன அண்ணைக்கே கேட்டாச்சு வே" என்றார் சுயம்புராஜ்.

"ஷீட்டுக்கிட்டயா?"

சுயம்புராஜ் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் இவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "ஸ்டெனி ஒமக்குத் தந்த ரெக்கார்டர் எனக்க கடையில இருந்த பழசாக்கும். மாத்தும்போ எனக்க போனுல இருந்து அதை எடுக்கல. நீரும் அதை அழிக்கல. நெட்டு போட்ட அண்ணைக்கு, அந்தப் பழைய பெட்டிக்கு உயிர் வந்ததாப் போனுல காட்டிச்சு, தொறந்து பாத்தேன். காயமூட்டைக்குப் பதிலா நீரு நிக்கீரு. சொல்லணும்னுதான் இருந்தேன். இவதான் விடல."

முத்துக்கனி மெதுவாக, "காயம் மணக்குன்னு நான் அண்ணைக்கே சொன்னேன்" என்றாள்.

துவர்த்தைக் கட்டிக்கொண்டு ஓடியது, வழுக்கி விழுந்தது, ஆட்டுக்கூடு, குழி எல்லாம் பகவதியப்பனின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. திரும்பிப் புகைப்புரைக்குள்ளேயே போய்விடலாமா என்று பார்த்தார்.

தாணுமாலயனின் முகம் மாறியிருந்தது. அவர் கேமராவைப் பார்த்தார். பிறகு அந்த ரப்பர் மரத்தைப் பார்த்தார்.

"இதுல இந்தப் பின்பக்கமும் தெரியுமோ?"

"தெளிவாத் தெரியும்."

"இண்ணைக்கு... இப்பம் கொஞ்சம் முன்னாலயும்?"

"ஸ்கூட்டர்ல வரும்போதும் இவ போனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் வந்தா" என்று சொல்லிவிட்டு சுயம்புராஜ் தரையைப் பார்த்தார். ரெத்தினபாய் மேலே காக்கை ஏதாவது போகிறதா என்று பார்த்தாள்.

தாணுமாலயன் வேட்டி மடிப்பை நீவிவிட்டார். கழுத்து முதன்முறையாக வளைந்தது. "மனுசன்னா கொறவு எல்லாருக்கும் உண்டும்லா" என்றார். "நேரமாச்சு. எலையைப் போடச் சொல்லும்."

பெண்கள் உள்ளே நகர்ந்தார்கள். பகவதியப்பன் சுயம்புராஜின் முன்னால் போய் நின்றார். வாக்கு சொன்ன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். வயதான, சாதாரண முகம். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

"வார வாரம் ஐந்நூறு வச்சுத் தாறேன் அண்ணாச்சி."

"வேண்டாம் வே. அதைக் கழிச்சாச்சு. மொத்தமாக் கழிச்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை வராதேன்னு நீரு சொல்லியும் வந்தது அதைச் சொல்லத்தான்."

"தருமம் எனக்கு வேண்டாம். எவ்வளவு கேவலப்பட்டாலும் தருமம் வாங்கமாட்டேன்."

"தருமம் ஆருண்ணே தந்தா?" என்றாள் ரெத்தினபாய், கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு. "நெட்டு வந்த பெறவு இந்த மனுசன் ஒரு தடவைகூட பைசாவுக்கு ஒங்க வீட்டுக்கு வரல. சீரியல்ல ஒண்ணும் இல்லாத நாளு, நீங்க ஓடுகதைப் பாக்கணும்னு நான்தான் பெட்ரோலுக்குப் பைசா குடுத்து அனுப்பி விடுவேன்."